தோடிதால் ஏரிக்கு நானும் நண்பனும் மட்டும்: கைடு இல்லாமல் சரிப்படுமா?

நொய்யல்கரை:

வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன், வயது 34. என்னோடு பாலிடெக்னிக் படித்த நண்பன் நொய்டாவில் வேலை பார்க்கிறான். முதலாளி இந்த முறை ஆயுத பூஜையோடு சேர்த்துப் பத்து நாள் லீவு கொடுத்திருக்கிறார், தீபாவளிக்கு வாயே திறக்கக் கூடாது என்ற கண்டிஷனோடு. ரெண்டு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு உத்தராகண்ட் மலையில் உத்தரகாசி பக்கம் இருக்கிற தோடிதால் ஏரிக்கு நடந்து போவதாகப் பேச்சு. பேச்சு என்ன, கேரளா எக்ஸ்பிரஸில் டிக்கெட்டே போட்டாயிற்று.

திட்டம் அவனுடையது. டில்லியில் நான் இறங்கிய அன்று ராத்திரியே கிளம்பி மறுநாள் உத்தரகாசி. அதற்கு அடுத்த நாள் காலை ஜீப்பில் சங்கம்சட்டி, அங்கிருந்து நடை. ஏரி வரைக்கும் 21, 22 கிலோமீட்டர் வருகிறது, ஒரே நாளில் போய்விடலாம் என்கிறான். மறுநாள் அதற்கு மேலே தர்வா கணவாய், மூன்றாம் நாள் இறக்கம். கைடு வேண்டாம், டென்ட் சொந்தமாகக் கொண்டு போகலாம், சமையலும் நாமே என்கிறான். இது நடக்கிற காரியமா? பாதை தொலைந்து போகுமா? என்ன சாப்பாடு கொண்டு போவது?

இன்னொரு விஷயம், எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். போன வருஷம் பங்குனியில் ரெண்டு பேரும் வெள்ளியங்கிரி ஏறினோம். ஐந்தாவது மலையில் அவன் மூங்கில் கம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "நீ போடா, நான் இங்கயே இருக்கேன்" என்றான். நானும் போய்விட்டேன். சாமி கும்பிட்டுத் திரும்பி வர நாலு மணி நேரம் ஆகிவிட்டது, வந்து பார்த்தால் யாரோ கொடுத்த போர்வைக்குள் சுருண்டு கிடந்தான். கீழே பூண்டி வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகும் அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. சின்ன வயதில் அவனுக்கு வீசிங் இருந்தது, இப்போது இல்லை என்கிறான். இந்த ஏரி யோசனையை முதலில் எடுத்தது அவன்தான், 22 கிலோமீட்டரை ஒரே நாளில் நடக்கலாம் என்பதும் அவன்தான். எனக்கு என்னமோ சரியாகப் படவில்லை.

மலைப்பொடி:

நான் 2019 அக்டோபரில் போனேன், நானும் ஒரு நண்பனும் மட்டும், கைடு கிடையாது. அதனால் உங்களுக்குப் புத்திமதி சொல்லும் தகுதி எனக்குக் குறைவுதான், ஆனால் என்ன தப்பு செய்தோம் என்று சொல்லும் தகுதி நிறைய இருக்கிறது.

முதலில் பாதை. சங்கம்சட்டியிலிருந்து அகோடா கிராமம் ஐந்தாறு கிலோமீட்டர் ஏற்றம். அதுதான் கடைசி ஊர், அங்கே வீடுகளிலேயே தங்க இடம் கிடைக்கும், ராஜ்மாவும் மண்டுவா ரொட்டியும் போடுவார்கள். மண்டுவா என்றால் நம் கேழ்வரகுதான். மூன்று நாள் மைதாவைத் தின்றுவிட்டு அந்த ரொட்டியைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர் அடுப்படி ஞாபகம் வந்துவிட்டது. அகோடா தாண்டினால் பேப்ரா, ஓடையைக் கடந்ததும் பாதை நெட்டுக்குத்தாக மடிந்து மடிந்து ஏறும், இந்தப் பயணத்தில் முழங்காலைச் சோதிக்கிற இடம் இதுதான். அப்புறம் காட்டுக்குள் ஓரளவு சீரான நடை. பாஞ்ச் மரமும் புராஞ்ச் மரமும் (ஓக், ரோடோடென்ட்ரான் என்றால் உங்களுக்குப் புரியும்) நிறைந்த காடு, கரடி இருக்கிற காடும்கூட, அதனால் இருட்டில் நடக்காதீர்கள். ஏரிக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் மாஞ்சி என்று ஒரு வெட்டவெளி, கோடையில் எருமை ஓட்டி வரும் குஜ்ஜர்களின் குடிசைகள் அங்கே இருக்கும், அக்டோபரில் பெரும்பாலும் காலி. அகோடாவிலிருந்து ஏரி மொத்தம் 16 கிலோமீட்டர்.

பாதை தெளிவான பாதை, கோவேறு கழுதைகள் போய் வருகிற பாதை. தொலைந்து போக முடியாது என்றுதான் நாங்களும் நினைத்தோம். என் நண்பனுக்கு வேகக் கால். பேப்ரா ஏற்றத்தில் "மேலே போய் டீ போட்டு வைக்கிறேன்" என்று முன்னால் போய்விட்டான். மேலே ஒரு இடத்தில் மேய்ச்சல் தடம் ஒன்று பிரிகிறது, அவன் அதில் போயிருக்கிறான். நான் நேர்ப்பாதையில் போய் அவனைத் தாண்டி, அவன் எனக்கு முன்னால் இருப்பதாக நினைத்துக்கொண்டே நடக்கிறேன். அவனோ நான் பின்னால் வருவதாக நினைத்து ஒரு பாறையில் உட்கார்ந்திருக்கிறான். ரெண்டு மணி நேரம். காட்டுக்குள் ஐந்தரைக்கே மங்க ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் பையைத் திறந்து பார்த்தேன். சுமையைச் சமமாகப் பிரித்திருந்தோம், பெரிய சாமர்த்தியம் என்று. டென்ட் துணி என்னிடம், கம்பிகள் அவனிடம். அடுப்பு அவனிடம், கேஸ் என்னிடம். ஹெட்லைட் ரெண்டும் அவன் பையில், ஏனென்றால் பேட்டரி வாங்கியது அவன். ஒவ்வொருத்தனிடமும் பாதி வீடு இருந்தது, பாதி வீட்டில் யாரும் தூங்க முடியாது. கடைசியில் எருமைகளைக் கீழே ஓட்டிக்கொண்டு போன ஒரு பெரியவர் அவனைப் பார்த்து, விசில் அடித்துக்கொண்டே கூட்டி வந்து என் பாதையில் விட்டார். காசு கொடுத்தபோது வாங்கவில்லை, ஒரு பீடி இருக்கிறதா என்று கேட்டார். எங்களிடம் அது இல்லை.

ஆக, ரெண்டு பேர் போனால் ஒவ்வொருவர் பையிலும் சொந்தமாக ஒரு ஸ்லீப்பிங் பேக், ஒரு விளக்கு, ஒரு லைட்டர், மழைக்கு ஏதாவது, ஒரு வேளைச் சாப்பாடு இருக்க வேண்டும். டென்ட் முழுசாக ஒருவனிடம், அடுப்பும் கேஸும் முழுசாக மற்றவனிடம். மெதுவாக நடப்பவன் முன்னால், வேகமாக நடப்பவன் பின்னால். இதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள், ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது பேசினால் சண்டைதான் வரும்.

ஒரே நாளில் 22 கிலோமீட்டர் வேண்டவே வேண்டாம். உத்தரகாசி ஊர் 1,150 மீட்டர் சுமார்தான், ஏரி 3,000 மீட்டருக்கும் மேலே. முதல் நாள் அகோடாவிலோ பேப்ராவிலோ தூங்குங்கள். தர்வா 4,150 மீட்டர், அதை முதல் தடவையே இதில் சொருக வேண்டாம் என்பது என் கட்சி. மேலே போனால் பந்தர்பூஞ்ச் சிகரம் தெரியும் என்பது உண்மைதான், ஆனால் ஏரிக்கரையில் ஒரு நாள் முழுக்க சும்மா உட்கார்ந்தவனுக்குத்தான் அந்த இடம் பிடிபடும். தண்ணீர் அவ்வளவு தெளிவு, கரையில் நின்றாலே ட்ராவுட் மீன்கள் போவது தெரியும். தூண்டில் ஆசை இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள்.

ரெண்டாம்_காபி:

பாதை பற்றி மலைப்பொடி அண்ணன் சொல்லிவிட்டார், நான் வயிற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 3,000 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரி சுமாரிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி போட்டால் வெந்த மாதிரியும் இருக்கும் வேகாத மாதிரியும் இருக்கும், கேஸ்தான் தீரும். குக்கர் சுமக்க முடியாது என்றால் அரிசியை மறந்துவிடுங்கள். அவல் கொண்டு போங்கள், கனம் இல்லை, வெந்நீர்கூட வேண்டாம், பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து வீட்டுப் புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் புளி அவல். வேர்க்கடலையும் கருப்பட்டியும் தனியாக. மேகி எப்படியும் வழியில் கிடைக்கும்.

அந்த ஏரியில்தான் பிள்ளையார் பிறந்தார் என்று அந்த ஊர்க்காரர்கள் நம்புகிறார்கள், கரையில் கோயிலும் இருக்கிறது. அவல் பொரியோடு அங்கே போய் நிற்கிற ஆட்கள் நாமாகத்தான் இருப்போம், அவருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

கேஸ் டப்பாவை ரயிலில் கொண்டு போகாதீர்கள், குற்றம். உத்தரகாசி பஜாரில் வாங்கிக்கொள்ளலாம். நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் 1965 முதல் அந்த ஊரில் இருக்கிறது, அதனால் மலைச் சாமான் வாடகைக்கு விடும் கடைகளும் விவரம் தெரிந்த ஆட்களும் அங்கே உண்டு.

ஒத்தையடிப்பாதை:

எல்லாரும் ஏன் இப்படிப் பயமுறுத்துகிறீர்கள். போனில் ஆஃப்லைன் மேப் இறக்கிக்கொண்டு பவர் பேங்க் ரெண்டு வைத்துக்கொண்டால் போதும். கைடுக்குக் கொடுக்கிற காசில் நல்ல ஜாக்கெட் வாங்கலாம். நான் இமாச்சலில் நாலு ட்ரெக் தனியாகப் போயிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. 34 வயது ஆளுக்கு 22 கிலோமீட்டர் ஒரு பெரிய விஷயமா? நம்ம ஊர் பாதயாத்திரைப் பாட்டிகள் பழனிக்கு அதைவிட அதிகமாக நடக்கிறார்கள்.

வார்டு_அக்கா:

பழனிக்கு நடக்கிற பாட்டிக்குச் சமதளத்தில் நல்ல காற்று இருக்கிறது, ஒத்தையடி தம்பி. நான் நர்ஸ், இருபது வருஷ சர்வீஸ்.

நொய்யல் தம்பி, உங்கள் கேள்வியில் கைடு, டென்ட் எல்லாம் மேல்பூச்சு, கடைசிப் பத்திதான் விஷயம். சின்ன வயது வீசிங் "போய்விட்டது" என்று சொல்கிறவர்களில் பல பேருக்கு அது ஒளிந்துகொண்டுதான் இருக்கும், குளிர்ந்த வறண்ட காற்றும் ஏற்றமும் சேர்ந்தால் எட்டிப் பார்க்கும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் நெஞ்சு மருத்துவரிடம் போய், ஊதிப் பார்க்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். பத்து நிமிஷ வேலை. டாக்டர் இன்ஹேலர் எழுதினால் ரெண்டு வாங்கச் சொல்லுங்கள். பையின் மேல் ஜிப்பில் வைக்கக் கூடாது, சட்டைக்கு உள் பாக்கெட்டில், உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். குளிரில் கிடந்த இன்ஹேலர் சரியாக மருந்தைப் பீச்சாது. நடக்கும்போது மூக்கையும் வாயையும் மப்ளரால் மூடிக்கொண்டால் உள்ளே போகிற காற்று கொஞ்சம் சூடாகும். அப்புறம் யாரும் யோசிக்காத ஒன்று, அந்த ஊர் வீடுகளில் விறகடுப்புப் புகை. குளிருக்கு இதமாக இருக்கிறது என்று அடுப்பை ஒட்டி உட்கார்ந்தால் ராத்திரி மூச்சு இழுக்கும்.

இது வீசிங். மலை உயரத்தால் வருவது வேறு, ரெண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கு வேண்டுமானாலும் வரலாம், ஜிம்முக்குப் போகிறவனுக்கும் வரும். தலைவலி, குமட்டல், பசியில்லாமை, தூக்கம் வராமை என்றுதான் ஆரம்பிக்கும். தலைவலி இருக்கிற வரைக்கும் மேலே ஏறக் கூடாது. 3,000 மீட்டருக்கு மேல் தூங்குகிற இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், ஒரு கோட்டின் மேல் குதிகாலும் விரலும் ஒட்ட வைத்து நடக்கச் சொன்னால் தள்ளாடினாலும், ராத்திரியோ பகலோ, கீழே இறக்கிவிட வேண்டியதுதான். இறங்குவதைவிடப் பெரிய மருந்து கிடையாது. மலை உயரத்துக்கென்று போடுகிற டயமாக்ஸ் மாத்திரையை நண்பர் சொன்னார் என்று நீங்களாகப் போடாதீர்கள், சல்ஃபா அலர்ஜி இருப்பவர்களுக்கு ஆகாது, டாக்டரிடம் கேட்டுப் போடுங்கள். சரக்கு அங்கே தொடவே கூடாது.

அப்புறம் ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஐந்தாவது மலையில் அவரை விட்டுவிட்டுப் போனது தப்புதான். "நீ போ" என்று சொல்கிற ஆள் பல நேரம் "போகாதே" என்றுதான் சொல்கிறார். அதை டிக்கெட் போடுவதற்கு முன்னால் பேசியிருக்க வேண்டும், இப்போதாவது பேசுங்கள்.

மலைப்பொடி:

ஒத்தையடிப்பாதைக்கு ஒன்று. 2024 ஜூனில் இதே உத்தரகாசி பக்கம் சஹஸ்ர தால் ஏரிக்கு 22 பேர் போனார்கள், பெரும்பாலும் கர்நாடகக்காரர்கள், அனுபவம் உள்ளவர்களும் அதில் இருந்தார்கள். பனிக்காற்றில் மாட்டி ஒன்பது பேர் இறந்துபோனார்கள். கவனியுங்கள், அவர்களோடு உள்ளூர் வழிகாட்டிகளும் இருந்தார்கள். அதனால் கைடு இருந்தால் உயிர் பத்திரம் என்று நான் சொல்ல வரவில்லை. சஹஸ்ர தால் 4,000 மீட்டருக்கு மேல், தோடிதால் அவ்வளவு முரட்டு இடமும் இல்லை. ஆனால் வானம் மாறும்போது திரும்புவதா வேண்டாமா என்பதை மேப் சொல்லாது. எங்களைக் காப்பாற்றியது மேப் இல்லை, ஒரு எருமைக்காரர்.

ரெண்டு பேர் மட்டும் போவதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஒருவனுக்குக் கால் பிசகினால் மற்றவன் அவனோடு இருக்க வேண்டுமா, உதவிக்கு ஓட வேண்டுமா? அகோடாவுக்கு மேல் சிக்னலை நம்பிப் போகாதீர்கள். மூன்றாவதாக ஒரு உள்ளூர் ஆள் இருந்தால் இந்தக் கேள்வியே வராது. அகோடாவிலேயே கேட்டால் ஒரு ஆளோ கோவேறு கழுதையோ கிடைக்கும், சுமையும் குறையும், அந்தக் காசு அந்தக் கிராமத்துக்கே போகும். 2012 ஆகஸ்டில் அசி கங்கா வெள்ளத்தில் அடிபட்ட பள்ளத்தாக்கு அது. ஏரியிலிருந்து கிளம்பி நீங்கள் நடக்கிற வழியெல்லாம் கூடவே வருகிற அந்த ஓடைதான் அசி கங்கா, அக்டோபரில் சாதுவாக இருக்கும்.

அனுமதிச் சீட்டு வனத்துறையில் வாங்க வேண்டும், அடையாள அட்டை நகல் நாலைந்து வைத்துக்கொள்ளுங்கள். 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் மலைப் புல்வெளிகளில் ராத்திரி தங்கத் தடை போட்டது, அதனால் டென்ட் எங்கே அடிக்கலாம் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

டில்லி இறங்கின அன்றே பஸ் ஏறாதீர்கள். ரெண்டு நாள் ரயிலில் குலுங்கிய உடம்பு அது. ரிஷிகேஷில் ஒரு ராத்திரி தூங்கிவிட்டுக் காலையில் முதல் வண்டியைப் பிடியுங்கள், மலைக்குப் போகும் பஸ்ஸும் ஷேர் ஜீப்பும் பெரும்பாலும் காலையிலேயே கிளம்பிவிடும்.

நொய்யல்கரை:

தாமதத்துக்கு மன்னியுங்கள், ஷிப்மென்ட் வாரம். எல்லாருக்கும் நன்றி. வார்டு அக்கா எழுதியதைப் படித்துவிட்டு அன்று ராத்திரியே அவனுக்குப் போன் போட்டேன். நேராகக் கேட்க வாய் வரவில்லை, இந்தப் பக்கத்தை அப்படியே அனுப்பிவிட்டேன். ரெண்டு நாள் பதிலே இல்லை. டிக்கெட்டை கேன்சல் பண்ண வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் அவனே கூப்பிட்டான். வெள்ளியங்கிரிக்கு வந்தபோது இன்ஹேலரை பூண்டியில் வண்டியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். ரெண்டாவது மலையிலேயே தெரிந்துவிட்டதாம். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம், வீசிங் விஷயம் வெளியே தெரியக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்களாம், அதனால் என்னிடமும் சொல்லவில்லையாம். என்னிடம் சொல்லாமல் இருக்க நான் என்ன பெண் வீட்டுக்காரனா என்று திட்டினேன். "நீ திரும்பிப் பார்ப்பன்னு நினைச்சேன்டா" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. போர்வை கொடுத்தவர் பொள்ளாச்சிக்காரராம், அவருடைய நம்பரை வாங்கி வைத்து இன்னும் பொங்கலுக்கு மெசேஜ் போட்டுக்கொண்டிருக்கிறான், எனக்கு இத்தனை நாள் தெரியாது.

டெஸ்ட் எடுத்துவிட்டான். டாக்டர் போகக் கூடாது என்று சொல்லவில்லை, மருந்து எழுதியிருக்கிறார், மெதுவாக ஏறச் சொல்லியிருக்கிறார். தர்வாவை எடுத்துவிட்டோம். முதல் ராத்திரி அகோடா, ரெண்டாம் ராத்திரி மாஞ்சி பக்கம், அங்கே தங்க விடுவார்களா என்று கேட்டுக்கொண்டு, அப்புறம் ஏரியில் ரெண்டு ராத்திரி. அகோடாவில் ஒரு ஆளைப் பிடித்துக்கொள்கிறோம். அவன் முன்னால் நடப்பான், நான் பின்னால். இன்ஹேலர் ரெண்டில் ஒன்று என் சட்டைப் பாக்கெட்டில்.

ரெண்டாம் காபிக்கு ஒரு கேள்வி. புளிக்காய்ச்சலை இங்கேயே அம்மா செய்து தருகிறேன் என்கிறார். ரயில், மலை எல்லாம் சேர்த்து எட்டு ஒன்பது நாள் கெடாமல் இருக்குமா?

ரெண்டாம்_காபி:

நல்லெண்ணெய் மேலே ஒரு விரக்கடை நிற்கிற மாதிரி செய்யச் சொல்லுங்கள், ஒரு மாதம்கூட இருக்கும். ஈரக் கரண்டி மட்டும் படக் கூடாது. பாட்டிலுக்கு ரெண்டு கவர் போட்டுக் கட்டுங்கள், ஸ்லீப்பிங் பேக்கில் எண்ணெய் இறங்கினால் வாடகைக் கடைக்காரன் விட மாட்டான், அந்தக் காட்டுக் கரடியும் விடாது.